வந்து போகிறவர்களின் கணக்கு

(குற்ற விகிதமும் ஊர்ப் பாதுகாப்பும் குறித்துத் திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“உங்க ஊர் பாதுகாப்பான ஊரா சார்?” திருவண்ணாமலைக்காரர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர் கேட்பார். மகளை இங்கே கல்லூரியில் சேர்க்க நினைப்பவர் கேட்பார். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் மூன்று மாதம் தங்க வரும் வெளிநாட்டவரும் கேட்பார். நம்மில் பாதிப் பேர் “அண்ணாமலையார் இருக்கிறார், பயப்படாம வாங்க” என்போம். மீதிப் பேர் “முன்ன மாதிரி இல்லைங்க, ஊர் கெட்டுப்போச்சு” என்போம். இரண்டுமே மனத்தில் பட்டதைச் சொல்லும் பதில்கள். இந்தக் கேள்விக்குக் கணக்கை வைத்துப் பதில் சொல்ல முடியுமா என்று இன்று பார்க்கப்போகிறோம்.

குற்றத்தைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதியதல்ல. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்து நடுகற்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆநிரை கவர்தலைப் பற்றியவை, அதாவது மாட்டுத் திருட்டு வழக்குகள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் வந்து கவர்ந்தார், மீட்கப் போய் யார் செத்தார் என்பதெல்லாம் கல்லில் இருக்கும். எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதும் அதே கல்லில் பதிவாகியிருக்கிறது, நாயின் உருவத்தோடு. நாள், இடம், பொருள், இறந்தவர், சாட்சி எல்லாம் இருக்கிறது. நம் மாவட்டத்தின் முதல் எஃப்.ஐ.ஆர். அதுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

விளையாட்டுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. கல் யாருக்கு நட்டார்கள்? ஊர்க்காரனுக்கு. அவனுக்காகச் சிற்பியைத் தேடிப் பிடிக்கவும் பொங்கல் வைக்கவும் உறவு இருந்தது. அந்த வழியாகப் போன ஒரு வணிகனோ பரதேசியோ களவு கொடுத்திருந்தால் அவனுக்காகக் கல் எடுக்க யார் இருந்தார்கள்? ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஒரு கோயில் நகரத்தில் குற்றத்துக்கு அதிகம் ஆளாகிறவர் வெளியூர்க்காரர், ஆனால் குற்றக் கணக்கில் குறைவாக ஏறுகிறவரும் அவர்தான்.

முதலில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 1986-இல் ஏற்பட்டது. இந்தியாவின் ஓராண்டுக் குற்றங்களைத் தொகுக்கும் அறிக்கை அதற்கும் முன்பிருந்தே, 1953 முதல் வருகிறது. அதில் ‘குற்ற விகிதம்’ என்பது ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்கு என்ற எண். மேலே பதிவான வழக்குகள், கீழே மக்கள்தொகை. பள்ளிக்கூடத்து வகுத்தல்தான்.

இந்த வகுத்தலில் திருவண்ணாமலைக்கு மூன்று சங்கடங்கள்.

முதல் சங்கடம், அந்த அறிக்கையில் நம் ஊருக்கென்று தனி வரியே கிடையாது. ஊர்ப் பெயர் சொல்லிப் பேசுவது 20 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் 19 பெருநகரங்களைப் பற்றி மட்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் அதில் உண்டு. நம்முடையது மாவட்டக் கணக்கில் கரைந்துவிடும். 1989-இல் பழைய வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் ஆரணியும் செய்யாறும் வந்தவாசியும் இருக்கின்றன. ஜவ்வாது மலையும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 24 லட்சத்து 64 ஆயிரம் பேர், திருவண்ணாமலை நகரில் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர். வந்தவாசியில் நடந்த அடிதடியும் மாடவீதியில் போன செயினும் ஒரே கட்டத்தில் விழும். 2024-இல் நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது. ஆனாலும் குற்ற அறிக்கையில் நமக்கு இன்னும் தனி இடம் வரவில்லை.

இரண்டாவது சங்கடம், எண் எதனால் ஏறுகிறது என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. 2019-இல் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1 லட்சத்து 68 ஆயிரம். 2020-இல் 8 லட்சத்து 91 ஆயிரம். ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல்! அந்த ஆண்டு தமிழர்கள் எல்லாம் கொள்ளைக்காரர் ஆகிவிட்டார்களா? இல்லை, அது கொரோனா ஊரடங்கு ஆண்டு. பால் வாங்க வெளியே வந்தவர், சும்மா வண்டி எடுத்துச் சுற்றியவர் எல்லார் மீதும் அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். ஊரே கதவடைத்துக் கிடந்த ஆண்டில் குற்ற விகிதம் உச்சிக்குப் போனது. கேரளத்தையும் நினைத்துப் பாருங்கள். அந்த மாநிலத்தின் குற்ற விகிதம் பல ஆண்டுகளாக நாட்டின் உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதற்காக ராத்திரி பத்து மணிக்குத் திருச்சூரில் இறங்க யாரும் அஞ்சுவதில்லை. அங்கே புகார் கொடுப்பவர்கள் அதிகம், கொடுத்த புகார் பதிவாவதும் அதிகம். ஆகவே எண் ஏறினால் ஊர் கெட்டது என்றும், எண் இறங்கினால் ஊர் திருந்தியது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது சங்கடம் நம் ஊருக்கே உரியது, வந்து போகும் கூட்டம். “சார், இங்கே குடியிருக்கிறவன் ஒன்றரை லட்சம், வர்றவன் பல லட்சம். குற்றத்தை மட்டும் குடியிருக்கிறவன் தலையில் வகுத்தால் விகிதம் ஏறத்தான் செய்யும்” என்று உள்ளூரில் ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வாருங்கள், ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம்.

குடியிருப்பவர் ஒன்றரை லட்சம் பேர், ஆண்டுக்கு 365 நாள். ஒரு ஆள் ஒரு நாள் இருந்தால் அதை ‘ஓர் ஆள்நாள்’ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சுமார் ஐந்தரைக் கோடி ஆள்நாள். கார்த்திகை தீபத்துக்கு 25 லட்சம் பேர் வருவதாக வைப்போம். ஒரு பேச்சுக்குப் பன்னிரண்டு பௌர்ணமிக்கும் ஐந்து ஐந்து லட்சம் போடுவோம், அது 60 லட்சம். இரண்டையும் கூட்டினால் 85 லட்சம் ஆள்நாள். ஐந்தரைக் கோடியில் இது ஆறில் ஒரு பங்குகூட வராது. கூட்டத்தைக் கீழே சேர்த்து வகுத்தாலும் ஆண்டு விகிதம் ஏழில் ஒரு பங்குதான் குறையும். ஆகவே கூட்டத்தைக் காட்டி ஊர் தப்பிக்க முடியாது.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 25 லட்சத்தை ஒன்றரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய பதினேழு. பதினேழு நாளில் இந்த ஊர் பார்க்கும் நடமாட்டத்தைத் தீபத்தன்று ஒரே நாளில் பார்க்கிறது. அதிலும் பெரும்பகுதி மாலைக்கு மேல், கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும். இருட்டு, நெரிசல், தூக்கக் கலக்கம், இடுப்பில் பணப்பை, கையில் குழந்தை. அந்த ஓர் இரவில் நடப்பதை 365 நாளுக்குப் பரப்பிச் சராசரி பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆபத்து ஆண்டு முழுக்க ஒரே சீராக இல்லை, சில இரவுகளில் திரண்டு வருகிறது.

காவல்துறைக்கு இது தெரியும், செய்தும் காட்டுகிறார்கள். தீபத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசார் வருகிறார்கள். குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். பழைய குற்றவாளிகளின் முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கும் கேமரா வைக்கிறார்கள். பெண்கள் கழுத்துச் செயினைச் சேஃப்டி பின் கொண்டு ஜாக்கெட்டோடு சேர்த்துக் குத்திக்கொள்ளும்படி மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கைப்பட்டை ஒன்று போதும், எத்தனையோ தாய்மார்களின் வயிற்றில் பால் வார்த்திருக்கிறது. தீபத்தன்று இருக்கும் இந்த ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்காவது ஐப்பசிப் பௌர்ணமிக்கும் உண்டா, சாதாரணச் சனி ஞாயிறுக்கும் உண்டா என்பதுதான் என் கேள்வி. சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி ரயில் 2024 மே மாதம் முதல் ஓடுகிறது. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் கூட்டம் எந்தக் கிழமை என்று பார்ப்பதில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பந்தோபஸ்து போடும் காலம் முடிந்துவிட்டது.

இவ்வளவு நேரம் கீழ் எண்ணைப் பற்றிப் பேசினோம். உண்மையான ஓட்டை மேல் எண்ணில் இருக்கிறது. கீழ் எண்ணில் பிழை ஏழில் ஒரு பங்கு. மேல் எண்ணில் பிழை பல மடங்காக இருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

குண்டூரிலிருந்து வந்த ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்கும் வருண லிங்கத்துக்கும் நடுவில், ராத்திரி ஒன்றரை மணிக்கு, பையிலிருந்த போன் காணோம். அவருக்குத் தமிழ் தெரியாது. வந்த வேன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். ஊரில் டவுன், கிழக்கு, தாலுகா என்று காவல் நிலையங்கள் இருக்கின்றன. மலையைச் சுற்றும் பாதை ஒரே நிலையத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. எங்கே போவார்? போனாலும் “இது எங்க லிமிட்டுல வராதும்மா” என்று ஒரு குரல் வரலாம். கொஞ்சம் இரக்கப்படுகிறவர், “திருடுபோச்சுன்னு எழுதினா நீங்க கோர்ட்டுக்கெல்லாம் வரணும், தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுங்க” என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அந்த இடத்தில் ஒரு குற்றம் காணாமல் போய்விட்டது. அதிகம் போனால், மனு வந்ததைக் குறித்துக்கொள்ளும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். சி.எஸ்.ஆர். மனு குற்ற விகிதத்தில் ஏறாது, எஃப்.ஐ.ஆர். மட்டும்தான் ஏறும். அம்மா வேனில் ஏறிவிடுவார். அந்த இரவு நம் கணக்கில் அமைதியான இரவு.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில் 1973 முதலும் பிரிட்டனில் 1980-களின் தொடக்கம் முதலும், காவல் நிலையக் கணக்கை நம்பிவிடாமல் வீடு வீடாகப் போய், “அண்மையில் உங்களுக்கு என்ன நடந்தது? போலீசில் சொன்னீர்களா?” என்று கேட்டு எழுதுகிறார்கள். நம் நாட்டில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் இதைக் கேட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் எஃப்.ஐ.ஆர். வரைக்கும் போகவில்லை என்று தெரிந்தது. அவர்கள் அந்தந்த நகரத்தில் குடியிருப்பவர்கள், மொழி தெரிந்தவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால் வேன் பிடிக்க வேண்டிய குண்டூர்க்காரருக்கு?

புகார் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இந்த ஊர் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1924 ஜூன் 26, இரவு. ரமணாசிரமம் அப்போது மலையடிவாரத்தில் ஓரிரு கொட்டகைகள்தான். திருடர்கள் புகுந்தார்கள், ஜன்னலை உடைத்தார்கள். பகவான் ரமணர் கதவைத் திறந்துவிடச் சொல்லி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார், விளக்குக்கும் ஏற்பாடு செய்தார். வெளியே வந்தவர்களை அவர்கள் தடியால் அடித்தார்கள். ரமணருக்கும் தொடையில் அடி விழுந்தது. தடியெடுத்துத் திருப்பி அடிக்கக் கிளம்பிய அன்பரை அவர் தடுத்துவிட்டார். கிடைத்தது என்னவோ சில ரூபாய் பெறுமான பொருள்தான்.

பலரும் இந்தக் கதையை அவருடைய பொறுமைக்காகச் சொல்வார்கள். நான் அதற்கு அடுத்து நடந்ததற்காகச் சொல்கிறேன். காவல் அதிகாரிகள் வந்து கேட்டபோது, யாரோ அறியாதவர்கள் வந்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போனார்கள் என்ற அளவில் ரமணர் சொல்லி முடித்துவிட்டார். அடி வாங்கியதைச் சொல்லவில்லை. அதிகாரிகளும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆசிரமத்துப் பையன் ஒருவன்தான் பின்னாலேயே ஓடிப்போய், சுவாமியையும் அன்பர்களையும் அடித்தார்கள் என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் மறுநாள் சர்க்கிள் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார்.

அந்தப் பையன் ஓடாமல் இருந்திருந்தால்? சம்பவம் அதேதான், காயம் அதேதான், வழக்கின் கனம் மட்டும் இருந்திருக்காது. ரமணர் சொல்லாமல் விட்டது அவருடைய துறவு. துறவிக்கு அது சரி. வேன் பிடிக்கப் போகிற அம்மாவின் மௌனம் துறவல்ல, வழியின்மை. இரண்டையும் ஒன்றாக்கி, “புகார் வரவில்லை, ஊர் நன்றாக இருக்கிறது” என்று நாம் சொல்லக் கூடாது.

இப்போது புகார் கொடுக்கத் தெரிந்தவர் களவு கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 2023 பிப்ரவரி 12 விடியற்காலை. நம் நகரிலும் போளூர், கலசபாக்கம் பக்கமுமாக நான்கு ஏ.டி.எம்.களைக் கேஸ் கட்டரால் அறுத்து, 72 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். தடயம் மிஞ்சக் கூடாது என்று இயந்திரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். தனிப்படைகள் கிளம்பின, கர்நாடகம், குஜராத், அரியானா வரை போயின. சில நாள்களிலேயே அரியானாவில் கைதுகள் நடந்தன. திறமையான வேலை, பாராட்ட வேண்டும். அதே நேரம் கவனியுங்கள்: வங்கிக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம் இல்லை. மொழிச் சிக்கல் இல்லை, எல்லைத் தகராறு இல்லை. புகார் நேராகப் போய்ச் சேர்ந்தது. நம் காவல்துறைக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குரல் வந்து சேர்ந்தால் கண்டுபிடிக்கிறார்கள்.

குரல் வந்து சேருவது இன்னும் கடினமாக இருப்பது பெண்களுக்கு. 2018 ஜூலையில் தங்கும் விடுதி ஒன்றில் இருந்த ரஷ்யப் பெண் சுயநினைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பிறகுதான் அவருக்கு நடந்தது வெளியே தெரிந்தது. 2025 மார்ச்சில், தியானத்துக்காக மலையேறிய பிரெஞ்சுப் பெண்ணிடம் பாலியல் வன்முறை செய்ததாக, வழிகாட்டியாகக் கூடப் போனவர் கைதானார். இந்த இரண்டு செய்திகளும் உலகம் முழுவதும் போயின. தூதரகம் உள்ளவரின் துயரம் தலைப்புச் செய்தி ஆகிறது. அதுவும் வேண்டியதுதான். அதே இடத்தில் ஒரு தருமபுரிப் பெண்ணோ சித்தூர்ப் பெண்ணோ இருந்திருந்தால் வெளியே வந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பதிலும் 2025 செப்டம்பர் கடைசியில் வந்தது, கேட்கவே கூசும் விதத்தில். ஆந்திராவிலிருந்து சரக்கு வாகனத்தில் உறவினரோடு இரவில் வந்துகொண்டிருந்த 19 வயதுப் பெண். ஊர் எல்லையில், ஏந்தல் பக்கம், வண்டியை நிறுத்தியவர்கள் ரோந்துக் காவலர்கள். பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டில் இரண்டு காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஓரிரு நாளில் பணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். வழக்கு நீதிமன்றத்தின் பாடு. நான் இங்கே சொல்வது ஒன்றுதான். வெளியூர்க்காரர் எந்தச் சீருடையைத் தேடி ஓட வேண்டுமோ, அந்தச் சீருடை மீதே புகார் என்றால் அவர் யாரிடம் போவார்? அந்தப் பெண்ணுக்கு முதலில் கைகொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துச் சாதாரண மக்கள். அவர்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து வழக்கு பிறந்தது. 1924-இல் ஓடிய அந்தப் பையன் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். இந்த வழக்கு பதிவானதால் நம் மாவட்டத்தின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். கூடட்டும். அந்த ஒன்று கூடாமல் போயிருந்தால்தான் ஊருக்கு அவமானம்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. வெளியூர்க்காரரைப் பாதிக்கப்படுகிறவராகப் பார்க்கத் தவறும் நாம், சந்தேகிக்க மட்டும் முந்திக்கொள்கிறோம். 2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர் பக்கம் அத்திமூர் வழியாக வந்தது. மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் காரில் இருந்தார்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளைப் பார்த்து, ஆசையாகச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது மூதாட்டி ஒருவர். அந்த வாரம் வாட்ஸ்அப் முழுக்கப் ‘பிள்ளை பிடிக்கும் கும்பல்’ வதந்தி. கூட்டம் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். குழந்தையைக் கடத்த யாருமே வரவில்லை. ‘ஊர் பாதுகாப்பு’ என்ற பெயரிலேயே அந்தக் கொலை நடந்தது.

அச்சத்தை அளவின்றி ஊட்டினால் இப்படித்தான் முடியும். அதனால்தான் “ஊர் கெட்டுப்போச்சு” என்று டீக்கடையில் சொல்வதற்கும் ஒரு பொறுப்பு வேண்டும் என்கிறேன். கிரிவலப் பாதைச் சாமியார்கள் விஷயத்திலும் இதே நிதானம் தேவை. காவியைப் போர்வையாக்கிக்கொண்டு ஒளிந்திருந்த குற்றவாளிகள் சிக்கியிருக்கிறார்கள், உண்மை. அதற்காகக் காவி கட்டிய எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்தால் ஊர் பாதுகாப்பாகிவிடுமா? ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளி என்று பட்டியல் போட்ட சட்டம் நம் சென்னை மாகாணத்தில் 1911 முதல் 1947 வரை இருந்தது. ரேகை உருட்டவும் இரவில் காவல் நிலையத்தில் படுக்கவும் வைத்த சட்டம் அது. அதனால் களவு ஒழியவில்லை, பல சமூகங்கள் மேல் விழுந்த கறைதான் மிச்சம். ஆளைப் பார்த்துச் சந்தேகிப்பது எளிது. செயலைப் பார்த்துப் பிடிப்பதுதான் காவல்.

பாதுகாப்பு என்றால் களவும் கொலையும் மட்டும் இல்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓராண்டில் கொலையாகிறவர்கள் சுமார் 1,700 பேர். சாலை விபத்தில் இறப்பவர்கள் 17,000-க்கும் மேல், பத்து மடங்கு. 2023 அக்டோபரில் செங்கம் அருகே பத்து நாளுக்குள் இரண்டு விபத்துகள், தலா ஏழு பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து, நம் ஊர் வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். இவை எதுவும் ‘ஊர் கெட்டுப்போச்சு’ பேச்சில் வருவதில்லை. நாம் அஞ்சுவதும் நம்மைக் கொல்வதும் வேறு வேறாக இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? சட்டம் ஏற்கெனவே நம் பக்கம் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். “எங்க லிமிட் இல்லை” என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. திருடுபோன போனை முடக்க ‘சஞ்சார் சாத்தி’ தளம் இருக்கிறது. அதற்கும் புகார் நகல் வேண்டும். ஆக எல்லாப் பூட்டுக்கும் சாவி புகார்தான்.

என்னிடம் நான்கு யோசனைகள் உண்டு. பெரிய செலவு எதற்கும் இல்லை.

ஒன்று, புகாரை வாங்கும் இடம் வந்தவர் கிளம்பும் இடத்தில் இருக்க வேண்டும். ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் பௌர்ணமிக்கு மறுநாள் காலை நான்கு மணி முதல் ஒரு மேசை. அங்கே தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஒருவரும் ஒரு பெண் காவலரும் இருக்கட்டும். “எந்த இடத்தில் நடந்திருந்தாலும் இங்கே புகார் தரலாம்” என்று மூன்று மொழியில் ஒரு பலகை. வீடு போய்ச் சேர்ந்த பிறகும் கையெழுத்துப் போட வழி என்ன என்று ஒரு துண்டுச் சீட்டு.

இரண்டு, கணக்கை வெளியே வையுங்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்குப் பின்னும் எத்தனை புகார், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை சி.எஸ்.ஆர்., எத்தனை பொருள் திரும்பக் கிடைத்தது, எத்தனை குழந்தைகள் தொலைந்து கிடைத்தார்கள் என்று ஒரு பக்க அறிக்கை. கோயில் உண்டியல் எண்ணி முடித்ததும் இத்தனை கோடி ரூபாய், இத்தனை கிராம் தங்கம் என்று மறுநாளே பத்திரிகையில் வருகிறதல்லவா? சாமிக்கு வந்ததை எண்ணத் தெரிந்த ஊருக்குப் பக்தரிடமிருந்து போனதையும் எண்ணத் தெரியும்.

மூன்று, மாணவர்கள். இங்கே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, வேறு கல்லூரிகளும் இருக்கின்றன. கிளம்பும் பயணிகளிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதட்டும்: ஏதாவது இழந்தீர்களா, யாராவது தொந்தரவு செய்தார்களா, யாரிடமாவது சொன்னீர்களா? பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். ஆறு பௌர்ணமி இதைச் செய்தால், வேறெந்தச் சிறு நகரத்திடமும் இல்லாத ஓர் ஆவணம் நம்மிடம் இருக்கும்.

நான்கு, தங்கும் இடங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்தில் அவருடைய விவரத்தைப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடும் வீடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவைதான். அத்தோடு, பதிவுபெற்ற விடுதிகளின் பட்டியலும் பதிவுபெற்ற வழிகாட்டிகளின் பட்டியலும் எல்லாரும் பார்க்கும்படி மாநகராட்சித் தளத்தில் இருக்கட்டும். தனியாக வரும் பெண் வண்டி ஏறும் முன்பே பார்த்துக்கொள்வார்.

இவற்றைச் செய்தால் முதலில் என்ன நடக்கும் தெரியுமா? நம் ஊரின் குற்ற எண்ணிக்கை ஏறும். இரண்டு மடங்காகவும் ஆகலாம். பத்திரிகையில் “ஆன்மிக நகரில் குற்றங்கள் அதிகரிப்பு” என்று கொட்டை எழுத்தில் வரும். எதிர்க்கட்சி அறிக்கை விடும், மேலதிகாரி விளக்கம் கேட்பார். அந்த எண்ணுக்குப் பயந்துதான் எத்தனையோ புகார்கள் ‘தொலைந்துபோனவை’ ஆகின்றன. அன்றைக்கு ஊர் மக்களாகிய நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நேர்மையாகப் பதிவுசெய்த அதிகாரியின் பக்கம் நிற்க வேண்டும். “களவு கூடியதா, புகார் கூடியதா?” என்று கேட்டுவிட்டுப் பிறகு பேச வேண்டும்.

ஆகவே, “உங்க ஊர் பாதுகாப்பான ஊரா?” என்று இனி யாராவது கேட்டால் நான் சொல்ல விரும்பும் பதில் இது: “இங்கே உங்களுக்கு ஒன்றுமே ஆகாது என்று வாக்குக் கொடுக்க எந்த ஊராலும் முடியாது. ஏதாவது ஆனால், உங்கள் மொழியில், நீங்கள் நிற்கும் இடத்தில், உங்கள் வண்டி கிளம்புவதற்குள் எழுதி வாங்கிக்கொள்வோம்.” இன்று இந்தப் பதிலைச் சொன்னால் அது பாதிதான் உண்மை. முழு உண்மையாக்க ஒரு மேசையும் ஒரு பலகையும் கொஞ்சம் நேர்மையும் போதும். மேசைக்கும் பலகைக்கும் மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் மனு கொடுக்கலாம். இங்கேயே எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் போடலாம்.